மகள் கான்வென்ட் பள்ளியில் சேர்ந்திருக்கிறாளா? இரண்டாவது காலண்டரையும் மாட்டுங்கள்

எங்கள் வீட்டில் யாரும் கத்தோலிக்கர் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம், அரசு உதவி பெறும் ஒரு கான்வென்ட் பெண்கள் பள்ளியில் மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது எனக்குத் தெரிந்தது மூன்றே விஷயம்தான்: கண்டிப்பு இருக்கும், காம்பவுண்டு சுவர் உயரம், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம்.

அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், அவள் பெஞ்சில் நான்கு பேரில் இரண்டு பேர் வரவில்லை. காய்ச்சலா என்று கேட்டேன். "இல்லம்மா, வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்காங்க" என்றாள். காவி உடையில் சாரை சாரையாக ரோட்டோரம் நடந்து போகிறவர்களை வருடா வருடம் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் என் மகளின் பெஞ்சும் போகும் என்று தோன்றியதே இல்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். காலாண்டுத் தேர்வு தலைக்கு மேல் நிற்கும் நேரம். எந்தப் பாடத்தை எப்போது முடிக்க வேண்டும் என்று அந்த டீச்சர்கள் இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

ஏழு வருடம் ஓடிவிட்டது. இந்த ஜூனில் பக்கத்து வீட்டில் ஒரு அம்மா, தன் பெண்ணை அதே மாதிரி ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சொன்னதுதான் இது.

முதல் வேலை: காலண்டர்

இந்தப் பள்ளிகள் இரண்டு காலண்டரில் ஓடுகின்றன. ஒன்று கல்வித்துறையுடையது: திறக்கும் தேதி, தேர்வு, விடுமுறை. அது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று திருச்சபையுடையது. பள்ளி டைரியின் முதல் பக்கங்களிலேயே அது பெரும்பாலும் அச்சாகியிருக்கும், நாம்தான் புரட்டுவதில்லை. ஊர்ப் பங்குக் கோவிலில், அதாவது உங்கள் பகுதிக் கத்தோலிக்கத் தேவாலயத்தில், மாதக் காலண்டர் கிடைத்தால் ஒன்று வாங்கி அடுப்படியில் மாட்டிவிடுங்கள்.

ஜூன் மாதம் இயேசுவின் திருஇருதய மாதம். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் பூசை இருக்கலாம். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றமும் மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் ஒரே காலையில் வரும். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து ஒன்பது மணிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து ஆட்டோவை வரச் சொல்லாதீர்கள். அக்டோபர் முழுக்க செபமாலை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள், டிசம்பர் 8 அமல அன்னை திருநாள். அப்புறம் தவக்காலம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம் இது, தேதி ஈஸ்டரை வைத்து மாறும்: இது தொடங்கும் சாம்பல் புதன் 2025-ல் மார்ச் 5, 2026-ல் பிப்ரவரி 18. ஆண்டு விழா வைக்கும் பள்ளிகள் பெரும்பாலும் இதற்கு முன்பே முடித்துவிடப் பார்க்கும். ஜனவரியில் திடீரென்று எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இரண்டாவது: சிஸ்டர்கள் எந்தச் சபை என்று விசாரியுங்கள்

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லா சிஸ்டரும் ஒன்றுதான். உள்ளே அப்படியில்லை. ஒவ்வொரு சபைக்கும் தனி நிறுவனர், தனி வரலாறு, தனித் திருநாள். அந்தத் திருநாள்தான் உங்கள் மகளின் பள்ளிக்குப் பெரிய நாள்.

குளூனி சபைச் சகோதரிகள் 1827-ல் புதுச்சேரிக்கு வந்தவர்கள். பிரசன்டேஷன் சகோதரிகள் 1842-ல் அயர்லாந்திலிருந்து மதராஸ் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய நிறுவனர் நானோ நேகிள், கத்தோலிக்கர்கள் பள்ளி நடத்தவே சட்டம் தடை போட்டிருந்த காலத்தில் கார்க் நகரத்தில் ரகசியமாக ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். இரவில் கையில் லாந்தரோடு நோயாளிகளைத் தேடிப் போனவர் என்பதால் அந்தச் சபைப் பள்ளிகளில் லாந்தர் ஒரு அடையாளம். எஃப்.எம்.எம். என்று சொல்கிற பிரான்சிஸ்கன் சகோதரிகளின் சபை பிறந்தது ஐரோப்பாவில் அல்ல, நம் ஊட்டியில், 1877-ல். சலேசிய சகோதரிகள் இந்தியாவில் முதலில் கால் வைத்தது 1922-ல், எங்கள் தஞ்சாவூரில்.

இது பொது அறிவுப் போட்டிக்காக இல்லை. பிரான்சிஸ்கன் சபை என்றால் அக்டோபர் 4 பெரிய நாள், சலேசியம் என்றால் தொன் போஸ்கோ திருநாளான ஜனவரி 31, பிரசன்டேஷன் என்றால் நவம்பர் 21. அந்த வாரத்தில் பேச்சுப் போட்டி, நாடகம், வாழ்த்து அட்டை, ஹவுஸ் வாரியாகக் கோலம் என்று ஏதாவது ஒன்று வந்தே தீரும். நிறுவனரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு பரிசு நிச்சயம். என் மகள் ஏழாம் வகுப்பில் அப்படி வாங்கிய சோப்பு டப்பா இன்னும் வீட்டில் இருக்கிறது.

மூன்றாவது: பணக் கணக்கு

இதைச் சேர்க்கையின் போதே கேட்டுவிடுங்கள். பல கான்வென்ட்களில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு விதமான பிரிவுகள் இருக்கும். உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. சுயநிதிப் பிரிவில் அதைப் பெற்றோர் கட்டும் கட்டணம்தான் தாங்குகிறது. சீருடை ஒன்றாக இருப்பதால் தன் பெண் எந்தப் பிரிவில் படிக்கிறாள் என்றே தெரியாத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

தெரிந்துகொள்வதில் பலன் இருக்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிப் படிப்பின் போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்ததை, 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் தொடங்கிவைத்த விரிவாக்கம் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் கொண்டு வந்தது. ஆனால் 6 முதல் 12 வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் 'இங்கிலீஷ் மீடியம்தான் கௌரவம்' என்று டிக் அடிக்கும் முன் இதையும் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சின்னப் பிள்ளையாக இருந்தால் காலை உணவும் உண்டு. 1 முதல் 5 வரை படிக்கிறவர்களுக்கான இந்தத் திட்டம், 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. நகர்ப்புற விரிவாக்கத்தைத் தொடங்கிவைத்ததே மயிலாப்பூரில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில்தான்.

ஒன்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடம். அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைப் பெரிய அமர்வு மறுபடி பார்க்க வேண்டும் என்று 2025-ல் இன்னொரு அமர்வு கேட்டிருக்கிறது. அதற்குத் தீர்ப்பு வரும்வரை அங்கே அந்த விண்ணப்பம் போட்டு அலைய வேண்டாம். எந்தப் பணம் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நான்காவது: ரிப்பன், சடை, மருதாணி

இரட்டைச் சடை, மடித்துக் கட்டி, பள்ளி சொன்ன நிறத்தில் ரிப்பன். பூ கூடாது. கொலுசு, நெயில் பாலிஷ், தொங்கும் கம்மல் கூடாது. ரிப்பன் ஒரு டஜன் வாங்கி வைத்துவிடுங்கள், வாரத்துக்கு ஒன்று காணாமல் போகும்.

மருதாணியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். என் தம்பி கல்யாணம் முடிந்து இரண்டு கையும் சிவக்கச் சிவக்கப் பள்ளிக்குப் போன பெண்ணை முதல் பீரியட் முழுக்க வராண்டாவில் நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கல்யாணத்துக்கு முன்னாலேயே நாலு வரி லீவ் லெட்டரில் 'கையில் மருதாணி இருக்கும், குடும்ப விசேஷம்' என்று எழுதியிருந்தால் போதும் என்று அப்புறம்தான் தெரிந்தது. நிறுத்தி வைத்தது சரி என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த கல்யாணத்துக்கு லெட்டர் எழுதினேன், ஒரு பிரச்சினையும் வரவில்லை. காப்புக் கட்டுதல், மொட்டை, விரதம் எதுவானாலும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இந்தப் பள்ளிகளில் காகிதத்துக்குப் பெரிய மரியாதை.

ஐந்தாவது: செபம் பற்றிய கேள்வி

எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்பது இதுதான். மதம் மாற்றிவிடுவார்களா என்று என் மாமியார் நேராகவே கேட்டார்.

நடப்பதைச் சொல்கிறேன். காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி, நாட்டுப்பண் எல்லாம் மற்றப் பள்ளிகளைப் போலவே உண்டு. கூடவே ஒரு செபமும் பாட்டும். மதியம் 12 மணிக்கு மணி அடிக்கும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அது மூவேளை செபம். தெரிந்தவர்கள் சொல்வார்கள், மற்றவர்கள் சும்மா நிற்பார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு பீரியட் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு ஒரு வகுப்பறைக்கும், மற்றவர்கள் நன்னெறிக்கு இன்னொரு வகுப்பறைக்கும் பிரிவார்கள். நன்னெறி வகுப்பில் பெரும்பாலும் கதைதான், பிள்ளைகளுக்கு அது ஓய்வு நேரம் மாதிரி.

சட்டம் தெளிவாக இருக்கிறது. சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்தலாம் என்கிறது அரசியலமைப்பின் 30-வது பிரிவு. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 28(3). எனவே சங்கடம் இருந்தால் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் கொடுக்கலாம், அது உங்கள் உரிமை. நான் கொடுக்கவில்லை. என் மகள் மாதா பாட்டை ராகம் போட்டுப் பாடிக்கொண்டே வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவாள். மாமியாரும் இரண்டாம் வருடத்தில் அந்தப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை கவிச்சி கூடாது என்று தோழிகள் சொன்னபோது, 'நம்ம வீட்டுலயும் அதேதானே' என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். டிபன் பாக்ஸைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமை எல்லா மதத்துக்கும் சாம்பார் சாதம்தான்.

ஆறாவது: யாரிடம் போய் நிற்பது

சிஸ்டர்களை 'சிஸ்டர்' என்றே கூப்பிடுங்கள். வயதான சிலரை ஊர் இன்னும் 'மதர்' என்று சொல்லும். மேடம் என்று கூப்பிட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள், புதிது என்று புரிந்துகொள்வார்கள். தாளாளர், ஹெச்.எம்., மடத்துத் தலைவி மூவரும் ஒருவராகவும் இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். சேர்க்கை, கட்டணச் சலுகை தாளாளரிடம். பாடம், டி.சி., லீவு ஹெச்.எம். பக்கம். வகுப்பு டீச்சரைத் தாண்டி நேரே மேலே போகாதீர்கள், அது அடுத்த மாதம் மகள் தலையில் விடியும்.

வாட்ச்மேன் அண்ணனையும் ஆயாம்மாவையும் முதல் வாரமே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். மழையில் பஸ் வராத நாளில் உங்கள் பெண் எங்கே நிற்கிறாள் என்று சொல்லப்போவது அவர்கள்தான்.

சிஸ்டர்களுக்கு மாற்றல் உண்டு. அவர்கள் சபையின் மாகாணத் தலைமையிலிருந்து உத்தரவு வந்தால், பெரும்பாலும் கோடை விடுமுறையில், கிளம்பிவிடுவார்கள். ஏப்ரலில் 'பார்த்துக்கலாம்' என்று வாய்வார்த்தையாகச் சொன்ன சிஸ்டர் ஜூனில் வேறு ஊரில் இருப்பார். ஆகவே சலுகை எதுவானாலும் அப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். காகிதம் பற்றி ஏற்கெனவே சொன்னேன்.

ஏழாவது: விழாக்களுக்குத் தயாராகுங்கள்

பள்ளி வாழ்க்கை என்றால் உண்மையில் இதுதான். ஆறாம் வகுப்பு கணக்கு அவளுக்கு மறந்துவிட்டது. எட்டாம் வகுப்பு கிறிஸ்மஸ் குடில் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

டிசம்பர் முதல் வாரமே சீட்டுக் குலுக்கல். யார் பெயர் வருகிறதோ அவளுக்கு யாருக்கும் தெரியாமல் தினமும் ஒரு சின்னப் பரிசு: ஒரு நாள் சாக்லேட், ஒரு நாள் பேனா, ஒரு நாள் வெறும் நாலு வரிக் கடிதம். கடைசி நாளில்தான் யார் என்று வெளிப்படும். இதற்குப் பணம் அதிகம் கொடுக்காதீர்கள். ஐம்பது ரூபாய்க்கு மேல் போனால் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அழும். எங்கள் பள்ளியில் ஒரு டீச்சரே 'கையால் செய்த பொருள் மட்டும்' என்று விதி போட்டார். அந்த வருடம்தான் மிக நன்றாக இருந்தது.

குடில் போட்டி வகுப்பு வாரியாக நடக்கும். வைக்கோல், சாக்குத் துணி, கம்பு, முளைவிட்ட ராகி, கண்ணாடித் துண்டில் குளம். தஞ்சாவூர்ப் பிள்ளைகள் ஆயிற்றே, என் மகளின் வகுப்பு பெத்லகேமில் ஒரு நாற்றங்காலும் இரண்டு கொக்கும் வைத்தது. ராகியை ஒரு வாரம் முன்பே ஊறவைத்து வீட்டில் முளைக்கட்டித் தருவது அம்மாக்கள் வேலை, இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அரையாண்டுத் தேர்வும் அதே நாட்களில்தான். இரண்டையும் சமாளிக்க ஒரே வழி, நவம்பரிலேயே பாடத்தை ஒரு சுற்று முடித்துவிடுவது.

விளையாட்டு விழாவில் ஹவுஸ்தான் எல்லாம். மகள் எந்த ஹவுஸ் என்று தெரிந்த அன்றே அந்த நிறத்தில் ஒரு டி-ஷர்ட் தேடி வையுங்கள். விழாவுக்கு முந்தின நாள் ஊரில் எந்தக் கடையிலும் அந்த நிறம் இருக்காது. அணிவகுப்புப் பயிற்சி உச்சி வெயிலில் நடக்கும், தண்ணீர் பாட்டில் இரண்டு கொடுத்து அனுப்புங்கள்.

ஆண்டு விழாவில் நடனம் என்றால் வாடகை உடை. இதில் எனக்கு மனக்குறை உண்டு. நாலு நிமிட நடனத்துக்கு அறுநூறு ரூபாய் உடை, அதுவும் அளவு சேராமல் ஊக்கு குத்தி. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நாங்கள் சிலர் எழுந்து, வீட்டில் இருக்கும் பாவாடை தாவணியிலேயே ஆடும்படி நடனத்தை அமைக்கலாமே என்றோம். அடுத்த வருடம் கும்மி வைத்தார்கள். கூட்டத்துக்குப் போகாமல் வாசலில் நின்று புலம்பினால் கும்மி வராது.

நாடகத்துக்கு இப்போது புதுக் கதைகள் வந்துவிட்டன. குமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு, அவர் கதை பல மேடைகளில் ஏறுகிறது. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதரான கார்லோ அகுடிஸ் இன்னொருவர். பதினைந்து வயதில் இறந்த, கம்ப்யூட்டர் தெரிந்த, ஜீன்ஸ் போட்ட புனிதர். என் மகளின் தோழி ஒருத்தி அவர் படத்தை பவுச்சில் வைத்திருந்தாள். யாரோ நடிகர் என்று நினைத்து நான் அசடு வழிந்தேன்.

எட்டாவது: ஏதாவது ஒரு இயக்கத்தில் சேர்த்துவிடுங்கள்

ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்), கைட்ஸ், மேல்நிலையில் என்.எஸ்.எஸ். எல்லாப் பள்ளியிலும் இருப்பவை. கத்தோலிக்கப் பள்ளிகளில் கூடுதலாக ஒய்.சி.எஸ். (இளம் கிறிஸ்தவ மாணவர்) என்ற இயக்கம் உண்டு. அதோடு சேர்ந்தே மற்றச் சமயப் பிள்ளைகளுக்கு ஒய்.எஸ்.எம். (இளம் மாணவர் இயக்கம்). 'பார், சிந்தி, செயல்படு' என்பது அவர்கள் முறை. அதாவது, தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் போய்ப் பார்க்க வேண்டும், ஏன் என்று பேச வேண்டும், பிறகு நகராட்சிக்கு மனு எழுத வேண்டும். பத்தாம் வகுப்பில் மனு எழுதக் கற்றுக்கொண்ட பெண்ணை எந்த அலுவலகத்துக்கும் துணையில்லாமல் அனுப்பலாம்.

சுற்றுச்சூழல் வேலையும் சமீப வருடங்களில் கூடியிருக்கிறது. செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை 'படைப்பின் காலம்' என்று மரக்கன்று நடுவார்கள், துணிப்பை தைப்பார்கள். அரசின் மஞ்சப்பை இயக்கமும் இதுவும் கையெழுத்து மாறினாலும் ஒரே வேலைதான். பழைய புடவை கேட்டால் கொடுங்கள். தவக்காலத்தில் ஒரு சின்ன அட்டை உண்டியல் வீட்டுக்கு வரும். பெற்றோர் நூறு ரூபாய்த் தாளை மடித்துப் போடுவதில் அர்த்தமில்லை. பிள்ளை தன் தின்பண்டக் காசைப் போடுவதற்குத்தான் அது.

கடைசி வருடம் வந்துவிட்டால்

பன்னிரண்டாம் வகுப்பில் பிரிவு விழா, மெழுகுவர்த்தி ஏற்றுவது, அழுவது எல்லாம் வரிசையாக வரும். பொதுத்தேர்வுக்கு முன்னால் ஒரு காலையில் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் கொண்டு வரச் சொல்வார்கள். பாதிரியார் வந்து செபித்து, தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுப்பார். விருப்பம் இருந்தால் அனுப்பலாம், கட்டாயம் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேனா போனது. ஏற்கெனவே பிள்ளையார் கோவிலில் வைத்து எடுத்தவை அவை. ஒன்று தேர்வுக் கூடத்திலேயே தொலைந்துவிட்டது. இன்னொன்றில்தான் அவள் அப்பா இப்போது பால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.